மூன்று வெள்ளிக்குக் கீழே ஒரு புகை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லாட்ஜ்காரம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மேல்மலையில் பூண்டு போட்டவர்கள். உடம்பு தளர்ந்ததும் கொடைக்கானலில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டோம். மகள் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறாள். அது பிழைப்பு. ஆசை வானத்தின் மேல். கொல்லையில் காமிராவை ஒரு சின்ன மோட்டாரில் பொருத்திவிடுவாள். வானம் நகர நகர அதுவும் நகரும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், கண்ணுக்குத் தெரியாததும் தெரியுமாம். ஆனால் வேலிக்கு அந்தப்பக்கம் லாட்ஜின் போகஸ் லைட். அவள் எடுத்ததெல்லாம் செம்மண் தண்ணீர் மாதிரிதான் வந்தது.

என் வீட்டுக்காரருக்குக் கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது. போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பூண்டுக் காட்டில் பன்றிக்குக் காவல் இருந்த நாளில், வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிக்குக் கீழே ஒரு புகையைப் பார்ப்பாராம். அது புகை இல்லை, நெபுலா, நட்சத்திரம் பிறக்கிற மேகம் என்றாள் மகள்.

"என்னமோ ஒண்ணு. வானத்துல இனி எனக்குத் தெரியாது. டிவியில பெருசாப் போட்டு வெரசா காட்டு தாயி, கண்ணு இருக்கும்போதே."

தை அமாவாசை நெருங்கியது. லைட்டை அணைக்கச் சொல்லி நான்தான் கேட்க வேண்டும் என்றார் அவர்.

"அம்மாவா?" என்று மகள் சிரித்தாள். "பஸ்ஸ நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயி நடந்து வர்ற ஆளு!"

"நீ போனா சண்டைக்குப் போவ. அவ போகட்டும்."

வேலியோரப் பந்தலில் நாலு மேரக்காய், அதுதான் சௌசௌ, பறித்து மடியில் கட்டிக்கொண்டு போனேன். லாட்ஜ்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். காயைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"என்னக்கா, சும்மா வரமாட்டீங்களே?"

சொன்னேன். எப்படிச் சொன்னேனோ, இவருடைய கண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அந்தம்மா மடிப்பதை நிறுத்தினார்.

"நான் அழகுக்கா லைட்டு போடுறேன்? காட்டுமாடு வருதுல்ல? ரூம்புல பிள்ளகுட்டியோட ஆளுக இருக்காக. இருட்டுல மாட்டு மேல போயி முட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் வேலியில காவல் நிக்கிறேங்க. மாடு வந்தா டார்ச் அடிக்கிறேன்."

"நீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. சாப்பாட்டு நேரம், எல்லாரும் உள்ளதான் இருப்பாக. அம்புட்டு நேரந்தான்."

அமாவாசையன்று இருட்டியதும் விளக்கு அணைந்தது. பனி காமிராக் கண்ணாடியில் படியும் என்று மகள் கவலைப்பட்டாள். கல்லுப்பை வறுத்து, இவருடைய கம்பளிக் காலுறையில் போட்டு, லென்ஸைச் சுற்றிக் கட்டினேன். மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கிற வழிதான். பிறகு வேலியோரம் போய் நின்றேன்.

காட்டுமாடு வந்தது. முதலில் மூச்சுச் சத்தம், அப்புறம் மேரக்காய்ப் பந்தல் ஆடியது. வாக்குக் கொடுத்திருக்கிறேன், அடித்தே ஆகவேண்டும். வெளிச்சம் காமிராப் பக்கம் போகாமல் டார்ச்சைத் தாழ்த்தி, முந்தானையால் மூடி, லாட்ஜ் வாசலைப் பார்த்து ஒரு தடவை மினுக்கினேன். இனி போகஸ் லைட் எரியும், இவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன்.

எரியவில்லை. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "வெளிய யாரும் வராதீக, சன்னல் வழியாப் பாருங்க" என்று அந்தம்மா அடங்கிய குரலில் சொன்னார். லாட்ஜுக்குள் இருந்த விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. மாடு என் கொடியைத் தின்று முடித்துத் தன் வழியே போனது. பின்னால் காமிரா தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

மறுநாள் வேலியில் பார்த்தபோது அந்தம்மா சிரித்தார். "கை சுவிட்சு மேலயே இருந்துச்சுக்கா. ஒங்க வீட்டுக்காரரு ஞாபகம் வந்துச்சு. கைய எடுத்துட்டேன்." நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மகள் படங்களை அடுக்கி முடித்து டிவியில் போட்டாள். இவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முழுதும் ஒரே பார்வையில் அடங்காததால் தலையை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோஜா நிறத்தில் சிறகு விரித்த மாதிரி இருந்தது.

"அதே எடந்தான். நான் பாக்கையில வெறும் புகையாக் கெடந்துச்சு. யாருடி இதுக்குக் குங்குமம் வச்சது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒன் மாடு இதுல எங்க நிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

இப்போதும் அமாவாசை வந்தால், கேட்காமலே சாப்பாட்டு நேரத்துக்கு அந்த லைட் அணைகிறது. இவர் கேட்கும்போதெல்லாம் அந்தப் படத்தைப் போடுகிறோம்.

அந்த மேகம் எவ்வளவு தூரம், சிவப்பு எதனால் என்று மகள் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. நட்சத்திரம் பிறக்கிற இடம் என்று எழுதியிருக்கிறேன், அது சரிதானா? தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.