வெள்ளைக் கவுனில் பதிந்த கை

நீங்கள் சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். பிளாட்பாரத்திலும் மயானக் கொட்டகையிலும் படுத்தவன். பசியைத் தவிர எதுவும் என்னை எழுப்பியதில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் நடந்தது. தாராவியில் தோலை மரப்பட்டைத் தண்ணீரில் ஊறப்போடும் குழி வேலையை விட்டு, குர்லாவில் பெல்ட் பட்டறைக்குப் போய் ஒரு வருஷம். கைக்கறை வெளுத்துவிட்டது. குழியில் என்னோடு நின்றவன், அப்போதும் அங்கேயே இருந்த மேலப்பாளையத்து மீரான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பாத்திமாவையும் நான்கு வயது ஜமீலாவையும் மனோரித் தீவுக்குக் கூட்டிப்போனான், என்னையும் அழைத்தான். தென்னந்தோப்பு, அலையில்லாத கடல், சோற்றுத் தூக்கோடு குடும்பம் குடும்பமாக ஜனம்.

நல்ல மத்தியானம். "அண்ணே, புள்ளையப் பாத்துக்கிடுங்க, தண்ணி மோந்துட்டு வந்திருதோம்" என்று பாத்திமா சொல்ல, அவளும் மீரானும் கிணற்றுக்குப் போனார்கள். நான் தூங்கிவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், தூங்கிவிட்டேன்.

பாத்திமா போட்ட சத்தத்தில் விழித்தால், கடல் தோப்பு வரை ஏறியிருக்கிறது. ஜமீலா என் பக்கத்தில், தலைமுடி வரை நனைந்து இருமிக்கொண்டு நிற்கிறாள். என் லுங்கியில் சொட்டு ஈரமில்லை. அவளுடைய வெள்ளைக் கவுனில், இடுப்பின் இரு பக்கமும், பட்டைக் கறையில் இரண்டு கை.

துணியில் பட்டால் அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அதனால் குழி வேலைக்காரன் பிள்ளையை உள்ளங்கையால் தூக்கமாட்டான், முழங்கையில்தான் ஏந்துவான்.

"கறக் கையோட தூக்காதீங்கன்னு எத்தன மட்டம் சொல்ல!" என்று புருஷன் மேல் பாய்ந்தாள் பாத்திமா.

"ஏளா, நான் உங்கூடல்லா நின்னேன்! காஞ்ச கை இப்படிப் பதியாது. குழியிலருந்து அப்பதான் எடுத்த கைதான் பதியும்."

குழந்தை என்னைக் காட்டியது. "மாமாதான் தூக்குனாவ." பிறகு என் இடது கையைப் பிடித்து மோதிர விரலைத் தடவியது. "தண்ணிக்குள்ள இது பாதிதான இருந்துச்சு?"

கவுனைப் பார்த்தோம். கறையிலும் அந்த விரல் பாதிதான் இருந்தது. எனக்கும் மீரானுக்கும் பத்து விரலும் முழுசு.

"தூங்குமூஞ்சிப் பயலே, ஒனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கா பாரு" என்று சிரித்தான் மீரான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த மழைக்காலம், பட்டறைக் கத்தி என் இடது மோதிர விரலில் பாதியைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மெஷினில் யாரும் நிற்கவிடவில்லை, குழிக்கே திரும்பினேன். கையில் மறுபடி கறை ஏறியது. ஒருநாள் பாத்திமா அந்தக் கவுனை எடுத்து நீட்டினாள். கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

ஜமீலா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அன்றைய கடலிலிருந்து அவளை நான் இன்னும் தூக்கவே இல்லையே. குழியிலிருந்து கையை எடுக்கிற ஒவ்வொரு தடவையும், காலடியில் உப்புத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.