மூணு ஷிப்டு பால்

இத எழுதவே வாணாம்னு தான் இருந்தேன். பூனைக்குட்டிக்கு வயித்தால போச்சுன்னு எழுதுனா எவன் படிப்பான்?

மந்தாரக்குப்பத்துல ஒரே ரூம்ல நாங்க மூணு பேரு, கூட ஒரு பூனைக்குட்டி. மூணு பேருக்கும் மைன்ஸ்ல வேற வேற ஷிப்டு. வேல முடிஞ்சி வர்ற ஒவ்வொருத்தனும், பாவம் குட்டி பட்டினியா கெடக்குன்னு கிண்ணம் நெறைய பசும்பால் ஊத்தியிருக்கான். அவ்ளோ பாசக்காரப் பசங்க. அது ரூம் பூரா தண்ணியா பேண்டு, கண்ணு உள்ள போயி, நனைஞ்ச துணி மாதிரி கெடந்துச்சி.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போனேன். டாக்டரு கழுத்துத் தோல இழுத்து வுட்டாரு. இழுத்தது இழுத்தபடியே நின்னுச்சி.

"ஒடம்புல தண்ணியே இல்ல. யாருப்பா பால் குடுத்தது?"

"மூணு பேரும் சார், ஷிப்டுக்கு ஒருத்தரு."

"இது பூனையா, பாய்லரா?"

தோலுக்கடியில தண்ணி ஏத்துனாரு. பால நிறுத்திட்டு, ஓ.ஆர்.எஸ். தண்ணிய ஊசியில்லாத சிரிஞ்சால சொட்டு சொட்டா வுடச் சொன்னாரு. பொழைக்குமான்னு கேட்டதுக்கு, பாக்கலாம்னாரு. செத்தா பொதைக்க எடமா இல்ல, ஊர்ல தான் மைன்ஸுன்னு இம்மாம் பெரிய குழி தோண்டி வச்சிருக்காங்களேன்னு சொல்லிக்கினே லீவப் போட்டுட்டு, அத மடியில வச்சிக்கினு ஒக்காந்தேன்.

சாயங்காலம் அது சிரிஞ்ச கடிச்சி, என் கையப் பிராண்டி, எழுந்து நின்னுச்சி. ஷிப்டுல இருந்த ரூம் கூட்டாளிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "உன் பொண்ணு பொழச்சிக்கினாடா, வந்து பேண்டத அள்ளு."

அவன் பதில் போட்டான்: "செரிடா, மொதல்ல அழுவாம பேசு."