மாமா படம் எடுத்த வண்டிகள்

என் அக்காவைக் கட்டியவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். ஊரில் எந்த வீட்டுக் கேட் எந்தப் பக்கம் திறக்கும், எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் முழிப்பார். கேட்டைத் தட்டுவார், "மீட்டர்" என்பார், குனிவார், ஆபீஸ் கொடுத்த போனில் மீட்டரைப் படம் எடுப்பார், போய்விடுவார். அக்காவிடம் அவர் முதன்முதலில் பேசிய பேச்சே "உங்க வீட்டு மீட்டர் சுத்தல" என்பதுதான். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு பழைய கார். வாங்குகிற கிறுக்கு இல்லை. ஓட்டுகிற கிறுக்கும் இல்லை, அவருக்கு ஓட்டவே தெரியாது. பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். தோள்பையில் மீட்டர் மூடியைத் திறக்கிற கம்பிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேமரா வைத்திருப்பார். மீட்டரை எடுத்த கையோடு, அந்த வீட்டு வாசலில் பழைய வண்டி நின்றால் அதையும் எடுப்பார்.

எனக்கு முச்சந்தியில் பஞ்சர் கடை. மத்தியானம் டீ குடிக்க அங்கேதான் வருவார். வந்ததும் என் அழுக்குக் கையைக்கூடப் பார்க்காமல் கேமராவை மூக்குக்கு நேராக நீட்டுவார். டியூஷன் வாத்தியாரின் கறுப்பு வண்டி, பானட்டின் மேல் தலையணை காய்கிறது. பெயின்டரின் வண்டி, கூரை மேல் ஏணி, ஏணி நுனியில் சிவப்புத் துணி. இன்னொன்றில் ஹெட்லைட் இருந்த இடத்தில் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டியிருந்தார்கள். இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியாது. மாமா மட்டும் பத்து வயது குறைந்த மாதிரி சிரிப்பார்.

"ஏன் மாமா, கண்காட்சிக்குப் போய் எடுத்தா பளபளன்னு இருக்குமே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அதெல்லாம் வீட்டுல குந்தித் தின்னற வண்டி மாப்ளே. நமக்கு வேலைக்குப் போற வண்டிதான்."

"சரி, ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டாவது எடுக்கலாம்ல?"

"கேட்டா கெட்டுது! உடனே தொடைப்பான். தலையணையை எடுத்துடுவான். தலை சீவிட்டு வந்து பக்கத்துல நின்னு பல்லைக் காட்டுவான். அப்புறம் அது வண்டியா, கல்யாண ஆல்பமா?"

கொள்கை அதுதான் என்பார். எனக்கென்னவோ, மனுஷனோடு பேசாமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றும்.

அவர் எடுத்ததிலேயே அவருக்கு உயிர் முட்டைக்காரம்மாவின் வண்டி. கடை கடையாக முட்டை போடுகிற அந்த அம்மா, பின்பக்கம் நீண்ட ஒரு பழைய பச்சை வண்டி வைத்திருந்தார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே முட்டைத் தட்டுகளை அடுக்கியிருப்பார். ஒரு கதவு மட்டும் வெள்ளை, வேறு ஏதோ வண்டியிலிருந்து வந்தது. வண்டியைக் கிளப்ப இழுக்கிற சோக் குமிழ் உடைந்துபோய், அந்த இடத்தில் நூல் தீர்ந்த மரக்கட்டை ஒன்றை மாட்டியிருந்தார். முட்டை உடையக் கூடாதென்று அவர் ஓட்டுகிற வேகத்துக்கு, பின்னால் வரும் சைக்கிள்காரன்கூடப் பெல் அடிப்பான். அது வருகிற சத்தம் கேட்டால் மாமா டீயை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். ஆனால் எப்போதும் தூரத்திலிருந்துதான் எடுப்பார்.

இந்த வருஷம் வண்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. போன தடவை மீட்டர் பார்க்கப் போனபோது வாசலில் நின்ற வண்டி இந்தத் தடவை இல்லை. கிண்ணத்து ஹெட்லைட் வண்டி போயிற்று. மருந்துக் கடைக்காரர் வண்டி போயிற்று. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"எவனோ ஒரு பணக்காரன் மொத்தமா வாங்கிக் குவிக்கறான் மாப்ளே. நாசமாப் போறவன்!" என்று திட்டுவார். சாதாரணமாக யாரையும் திட்டாத மனுஷன்.

போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. தூரத்தில் நின்று எடுத்தவர் இப்போது கிட்டே போனார். நம்பர் பிளேட், டயர், கதவுப் பிடி, துரு என்று குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து எடுத்தார்.

அப்படித்தான் ஒரு நாள் மளிகைக் கடை வாசலில் முட்டை வண்டியையும் எடுத்தார். மத்தியானம் வந்தபோது அவருக்குத் தலை கால் புரியவில்லை.

"வெள்ளைக் கதவு, நூல் கட்டை, எல்லாம் கிடைச்சுடுச்சு மாப்ளே! இதைப் பாரு, ஜன்னல் கண்ணாடியில அந்த அம்மாவும் விழுந்திருக்காங்க. கடையிலேர்ந்து வந்து பாத்துட்டு நின்னாங்க. ஒண்ணுமே சொல்லல."

பார்த்தேன். முட்டைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் உருவம். நன்றாக வந்திருக்கிறது என்றேன். டயர் ஒட்டுகிற அவசரத்தில் நான் வேறென்ன சொல்ல?

அதன்பிறகு முட்டை வண்டியின் சத்தமே கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு வாரம் கழித்து பெயின்டர் என் கடைக்கு வந்தார். ஏணி இல்லை. நாலு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்றடிக்கச் சொன்னார்.

"எங்கண்ணே, தூரமா?"

"எங்க அண்ணன் ஊருக்கு. வண்டியை அங்க விட்டுட்டு பஸ்ல வந்துடுவேன். இங்க இருந்தா தூக்கிட்டுப் போயிடுவானுங்க."

"யாரு?"

"நகராட்சிக்காரன்தான். கம்பத்துல எல்லாம் போர்டு மாட்டியிருக்கான்ல, பழைய வண்டியை அகற்றப் போறோம்னு."

"அது ரோட்டுல கேட்பாரில்லாம கிடக்கற வண்டிக்குண்ணே!"

"நீ சொல்றே. போட்டோ எடுக்க ஒருத்தனை விட்டிருக்கான் பாரு, அவன் சொல்லணுமே! மீட்டர் பாக்கற மாதிரி உள்ளே வரான். வண்டியைச் சுத்திச் சுத்தி எடுக்கறான். என்னய்யான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டறான். கல்லுளிமங்கன்! நீலச் சட்டை, முன்வழுக்கை, காதுல ஒரு பென்சில்."

இந்தக் காலத்தில் காதில் பென்சில் சொருகுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

"அவன் போட்டோ எடுத்த வண்டிக்காரங்க எல்லாம் வித்துட்டாங்க, இல்லேன்னா ஒளிச்சு வச்சுட்டாங்க. முட்டைக்காரம்மா பாவம், இரும்புக் கடையில எடைக்குப் போட்டுட்டாங்க. வந்து தூக்கிட்டுப் போனா அந்தக் காசும் வராதேன்னு" என்றார் பெயின்டர்.

"அண்ணே, அது எங்க மாமாண்ணே. அவரு அழகு பாத்து எடுக்கறவரு."

பெயின்டர் வண்டிக் கதவைத் திறந்தார். "உங்க மாமா வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பெயின்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

மாமா சிரித்தார். "போ மாப்ளே. என்னைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

"பேசாம வந்து பேசாம போற ஆளைப் பாத்தா பயம் வராம? கல்யாணம் ஆன புதுசுல நானே பயந்திருக்கேன்" என்றாள் அக்கா.

"முட்டை வண்டியை எடைக்குப் போட்டாச்சு மாமா" என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. கேமராவை எடுத்து அந்தப் படத்தைத் தேடி வைத்துக்கொண்டு பார்த்தார். அக்கா எட்டிப் பார்த்தாள். "கண்ணாடி நல்லா வந்திருக்குன்னு எங்கிட்ட காட்டினீங்களே, இந்த மூஞ்சியைப் பாத்தீங்களா?" என்றாள்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். முட்டைக்காரம்மா வண்டியைப் பார்க்கவில்லை. குனிந்திருந்த மாமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரனைப் பார்க்கிற பார்வை.

மறுநாள் காலை என் பைக்கில் இரண்டு பேரும் இரும்புக் கடைக்குப் போனோம். முழுசாக இருந்தால் எப்படியாவது மீட்டுவிடலாம் என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைக்காரர் அதைத் துண்டு துண்டாக வெட்டியாயிற்று என்றார். சுவரில் வெள்ளைக் கதவு மட்டும் சாய்ந்து நின்றது. மாமா பையைத் திறக்கவில்லை. "அந்த அம்மா வீட்டுக்குப் போ" என்றார்.

முட்டைக்காரம்மா, வீட்டு முன்னால், தகரக் கொட்டகைக்கு வெளியே, வாடகைக் கைவண்டியில் முட்டைத் தட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்கு எட்டு மணிக்கு வேலை, அதனால் நீலச் சட்டையிலேயே வந்திருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் அந்த அம்மா கயிற்றை விட்டுவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"வண்டி இல்லீங்க சார். போன வாரமே போட்டுட்டேன்."

மாமா வாயைத் திறப்பதற்குள் கொட்டகைக் கதவை விரியத் திறந்துவிட்டார். உள்ளே தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"நல்லா பாத்துக்குங்க சார். வேணும்னா இதையும் போட்டோ எடுத்துக்குங்க. அப்புறம் இன்னொரு ஆளு வந்து கேக்கக் கூடாது." சொல்லிவிட்டு, படத்தில் விழாமல் இருக்கச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

எனக்கு மாமா மேல் அத்தனை ஆத்திரம், அதே அளவு பரிதாபமும். அவரால் முடியாது, நாமே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அம்மா, நான் ஆபீஸ் ஆளு இல்லம்மா. ஆபீஸ்தான், ஆனா தண்ணி மீட்டர் ஆபீஸ். உங்க வண்டியைப் போட்டோ எடுக்க யாரும் சொல்லல. அழகா இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

"எது?"

"உங்க வண்டி."

அந்த அம்மா என்னைப் பார்த்தார், கேலி செய்கிறோமோ என்று. மாமா கேமராவைக் கொடுத்தார். வெள்ளைக் கதவு, நூல் கட்டை, தேய்ந்த டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசிப் படத்தில் நின்றார். தன் முகத்தையே வெகு நேரம் பார்த்தார்.

"எதுக்கு எடுக்கறீங்கன்னு கேக்கணும்னுதான் நின்னேன். பயத்துல வாய் வரல. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்மா" என்றார் மாமா.

முட்டைக்காரம்மா திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்தார், கடைகள் திறந்திருக்கும் என்று சொல்லிக் கைவண்டியின் பிடியைத் தூக்கினார். மாமா ஆபீஸுக்குப் போன் போட்டு லீவு சொன்னார். பின்பக்கம் போய்க் கை கொடுத்துத் தள்ளினார். நான் பைக்கை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். மேடு பள்ளம் பார்த்து, நத்தை மாதிரிதான் போக முடிந்தது.

நாலு கடை முடிந்து திரும்பினால் டியூஷன் வாத்தியார் வீடு. கறுப்பு வண்டி இன்னும் இருந்தது. பானட்டின் மேல் தலையணைகூட இருந்தது. மாமாவின் கை தானாகப் பைக்குப் போயிற்று. உடனே சுட்டுக்கொண்ட மாதிரி எடுத்துக்கொண்டார்.

முட்டைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். "போய்க் கேட்டுட்டு எடுங்க" என்றார்.

"வேணாம்மா."

"கேளுங்க. நான் நிக்கறேன்."

மாமா கேட்டைத் தட்டினார். பனியனோடு வெளியே வந்த வாத்தியார் நீலச் சட்டையைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆனார். ஓடிப்போய் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினார். இரண்டு தடவை இருமிவிட்டு அது கிளம்பியது.

"ஓடற வண்டி சார் இது! பாருங்க, நல்லா ஓடுது சார்!"

"தெரியும் சார். நான் மீட்டர் பாக்கறவன். உங்க வண்டி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு படம் எடுத்துக்கட்டுமா? ஆபீஸுக்கு இல்ல, எனக்கு."

வாத்தியாருக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "ஒரு நிமிஷம் சார்!" என்று தலையணையை உள்ளே வீசினார், ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டு வந்தார், வண்டியைக் கழுவத் தொடங்கினார். சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்து நிற்கப் போகிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. மாமா கேமராவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

முட்டைக்காரம்மா வெயில் படாமல் முட்டையின் மேல் ஒரு துணியை இழுத்துப் போர்த்தினார். வாத்தியார் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் வண்டியை நான் ஒரு நாளும் இப்படிக் கழுவுனதில்ல" என்றார்.