ஜீப்புக்கு வைத்த மூக்கு

என் கல்யாணத்துக்கு ஜோசியர் குறித்துக் கொடுத்தது கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். மழையோடு அவர் கலந்துபேசவில்லை.

ஐம்பதுகளில் நாங்கள் சிங்கப்பூரின் பொத்தோங் பாசிரில், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் இருந்தோம். ஆறு பெருகினால் முதலில் எங்களைத்தான் நலம் விசாரிக்க வரும். கல்யாணமோ தேக்காவுக்குப் பக்கத்தில், சிராங்கூன் ரோட்டுக் கோயிலில். வெள்ள நாளில் அங்கே போவதைவிடக் காசிக்குப் போய்விடலாம்.

ஏற்கெனவே ஆவணியில் வைத்த முகூர்த்தம், மாப்பிள்ளையின் பெரியப்பா இறந்ததால் தள்ளிப்போயிருந்தது. இதுவும் தவறினால் மார்கழி பிறந்துவிடும். இன்னொரு தடவை தள்ளினால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "வேண்டாம்னா போகட்டும், எனக்கென்ன வந்துச்சு?" என்று கத்தினேன். கத்தியது வாய் மட்டும்தான். தேக்கா சந்தையில் மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்திருந்தேன். மீன்காரியிடம் பேரம் பேசத் தெரியாமல், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொன்னார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

என் அண்ணன் ஒரு பட்டறையில் மெக்கானிக். பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு பழைய ஜீப்பை வைத்திருந்தான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. கதவு இல்லை, கூரை இல்லை, அவனுக்கு அதில் குறையும் இல்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, மழை விடாமல் கொட்டவும், மூங்கில் கம்பால் வாய்க்காலை அளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "உன்னை இதுலதான் கொண்டுபோகணும், புள்ள. வா, வந்து ஸ்பேனரைப் பிடி."

கல்யாணப் பெண் நலங்கு வைத்துக்கொண்டு உட்காரவேண்டிய வாரத்தில் நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. பிளக்குகளைச் சுற்றிக் கிரீஸை அப்பி, மேலே பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினோம். புகைக்குழாயோடு ஒரு தண்ணீர்ப் பைப்பை இணைத்து, வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு நிமிர்த்தினோம். முன்பக்கம் எஞ்சின் காற்று இழுக்க இன்னொரு குழாய். அது மேலே போய், மழை விழாதபடி வாயைப் பின்பக்கமாக வளைத்து நின்றது. "இதுதான் மூக்கு. இதுல தண்ணி போனா வண்டி செத்துச்சு" என்றான் அண்ணன்.

பிறகு வண்டியின் தரையில் இருந்த அடைப்பான்களைக் கழற்றி எறிந்தான். அம்மா பார்த்துவிட்டார்.

"டேய், ஓட்டை வழியா தண்ணி உள்ள வராதா?"

"வரணும்மா. வரலைன்னா வண்டி படகு மாதிரி மிதக்கும். சக்கரம் தரையில பதியாது."

"தண்ணிக்குள்ள போறதுக்கு வண்டிக்குள்ளயும் தண்ணியா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

அம்மாவைச் சமாதானப்படுத்த, பின்னால் மண்ணெண்ணெய்ப் பெட்டிகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி, எனக்கு ஒரு சிம்மாசனம் போட்டுக் கொடுத்தான். ஏறி உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து வாத்துகள்கூட என்னை அண்ணாந்துதான் பார்த்தன.

அப்பா முதல்நாளே கோயிலுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் அன்றே, நான் அணிந்து வருவதற்கென்று கையளவு கனத்தில் ஒரு மல்லிகை மாலையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். விடிந்தபோது தோட்டமும் ரோடும் ஒரே தண்ணீர்க்காடு. பட்டுச்சேலையோடு பெட்டிமேல் ஏறினேன். அண்ணன் குனிந்து, விசிறி சுற்றி எஞ்சின்மேல் தண்ணீரை வாரி அடிக்கக்கூடாதென்று பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அம்மா வண்டிக்குப் பூஜை போட்டார். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் சரி. பூஜை போடாமல் எங்கள் வீட்டில் தையல் மெஷின்கூட ஓடாது. பிறகு, இருப்பதில் நல்லதைத்தான் போடவேண்டும் என்று அந்த மல்லிகை மாலையை எடுத்தார். உயரமாக நிமிர்ந்து நின்ற முன்குழாயைப் பார்த்தார். அதுதான் வண்டியின் கழுத்து என்று முடிவுசெய்து, மாலையைச் சாத்திக் கும்பிட்டார்.

அம்மாவும் ஏறி என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார, புறப்பட்டோம். பக்கத்துத் தோட்டத்துச் சீனர், இடுப்பளவுத் தண்ணீரில் மூங்கிலால் ரோட்டைத் தட்டித் தட்டி முன்னே நடந்தார். "பெலான், பெலான்!" என்று நிதானமாக வரும்படி மலாயில் சொல்லிக் கையைக் காட்டினார். அண்ணன் மெதுவாக, கியர் மாற்றாமல், காலை எடுக்காமல் ஓட்டினான். ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஜம்மென்று உள்ளே ஏறியது. பெட்டிக்கு அடியில் ஒரு கத்திரிக்காய் மிதந்து வந்து அம்மாவின் முழங்காலை முட்டியது. கூரைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் மணப்பெண் என்பதை மறந்து, தேர்தலில் ஜெயித்தவள்போல எல்லாருக்கும் கையசைத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

நட்ட நடுவில் வண்டி இருமியது. இன்னொரு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

அண்ணன் ஸ்டார்ட்டரை மிதித்தான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இறங்கிப் போய்ப் பிளக்கைத் தடவிப் பார்த்தான். கிரீஸ் அப்படியே இருந்தது. "எல்லாம் காய்ஞ்சுதான் இருக்கு, ஏன் பிடிக்க மாட்டேங்குது?" என்று எஞ்சின் மூடியைக் குத்தினான். அம்மா முருகா முருகா என்று ஆரம்பித்துவிட்டார். சந்தையில் நன்றி சொன்ன அந்த மனிதர் மணவறையில் ஒற்றையாக உட்கார்ந்திருப்பது என் கண்ணில் வந்தது. அவர் எனக்கு வேண்டும். வாய்விட்டு அழத் தயாராகி நிமிர்ந்தேன்.

என் முகத்துக்கு நேராக ஜீப்பின் மூக்கு. மாலையில் பாதியைக் காணோம்.

நனைந்த மாலையின் வாலை எஞ்சின் குழாய்க்குள் இழுத்து, தொண்டைவரை விழுங்கியிருந்தது. அழ வந்த எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "அண்ணே, வண்டிக்கு மூக்கடைப்புடா!" என்று கத்திக்கொண்டே கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து எஞ்சின்மேல் தாவினேன். முழங்கைவரை குழாய்க்குள் விட்டேன். எட்டவில்லை. கொண்டை ஊசியை உருவி, கொக்கியாக வளைத்துத் துழாவினேன். கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. நாரும் பூவுமாக ஒரு பந்து வெளியே வந்தது, அதன்பின் இன்னொன்று. அண்ணன் ஏறி மிதித்தான். ஜீப் ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டது. சீனர் மூங்கிலைத் தலைக்குமேல் தூக்கி ஆடினார்.

மேட்டுக்கு வந்ததும் பெல்ட்டை மாட்டி, தேக்காவரை பறந்தோம். தரை ஓட்டைகள் வழியாக வழிந்த தண்ணீர் சிராங்கூன் ரோடு முழுக்க எங்களுக்குக் கோலம் போட்டது.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். முகூர்த்தம் இன்னும் முடியவில்லை. ஆனால் அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவிழ்ந்த கூந்தல், நனைந்த பட்டு, முழங்கைவரை கறுப்புக் கிரீஸ்.

"நான் கொடுத்தனுப்பின மாலை எங்கம்மா?"

அம்மா என் பின்னால் ஒளிந்துகொண்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"வண்டி தின்னுடுச்சு, அத்தை. நான்தான் அதோட மூக்குல கையை விட்டு எடுத்தேன்."

அவர் அண்ணனைப் பார்த்தார். குழாயின் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்த மல்லிகையைப் பார்த்தார். திடீரென்று, நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கொண்டையில் இருந்த பூவை எடுத்து என் கூந்தலில் செருகினார்.

"இதையாவது அதுக்குக் குடுக்காம நீ வச்சுக்க லா. வா, உள்ள அவன் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்."