அண்ணியும் மூன்று சாக்கெட்டுகளும்

எங்கள் அண்ணி கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவள். வீட்டு முன்னறைதான் கடை. பகலெல்லாம் ஊரார் பெட்டிகளைத் திறப்பாள். சாயங்காலமானால் தன் பெட்டி முன் உட்கார்ந்து, வாளெடுத்து அரக்கர்களை வெட்டுவாள். அந்த ஆன்லைன் விளையாட்டில் அவள் குழு முதன்முறையாக இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தது. ஞாயிறு மாலை ஆட்டம்.

பழைய பிராசசர் திணறும் என்று அன்று மதியம் அதைக் கழற்றினாள். புதியதை மாட்டுமுன் சாப்பிடப் போனாள். எங்கள் அண்ணனுக்கோ தூசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. திறந்து கிடந்த சாக்கெட்டை, அதாவது பிராசசர் உட்காரும் சதுரக் குழியை, மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்துவிட்டான் மகராசன்! உள்ளே முடியைப் போன்ற ஊசிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். துணியில் சிக்கிச் சில வளைந்தன. ஒன்றையொன்று தொட்டால் போர்டே போச்சு. உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஆட்டத்துக்கே உலை வைத்துவிட்டான். நான் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

அண்ணி கத்தவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, தையலூசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பிறகு பிராசசரைக் குழிமேல் வைத்துக் கையை எடுத்தாள். அமுக்க மாட்டாள், அதுவாக உட்கார வேண்டும் என்பாள். உட்கார்ந்தது! சுவிட்சைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது. நான் குதித்த குதியில் ஸ்டூல் கவிழ்ந்தது.

அடுத்து நெட்வொர்க். ஆட்டத்தை நடத்தும் தூரத்துக் கம்ப்யூட்டரான சர்வரின் முகவரியும், போர்ட் என்கிற அதன் கதவு எண்ணும் சேர்ந்து திறக்கும் வழிக்கும் சாக்கெட் என்றுதான் பேராம். அதுவும் திறந்தது, கூட்டாளிகளின் குரல் கேட்டது.

கடைசி அரக்கனை முதலில் வீழ்த்தும் குழுவுக்கே வெற்றி. எங்கள் குழுவில் அண்ணியைத் தவிர எல்லோரும் விழுந்துவிட்டார்கள். அவள் வாள்பிடியில் கல் பதிக்கும் சாக்கெட் ஒன்று காலியாக இருந்தது. பதித்தால் திரும்ப எடுக்க முடியாது என்று அரிய சிவப்புக் கல்லைப் பல வருஷமாக ஆட்டத்துப் பையிலேயே பூட்டி வைத்திருந்தாள். இப்போது அதை வெளியே எடுத்தாள். மதியத்திலிருந்து வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல் நின்றிருந்த அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்தக் கல்ல நீங்களே வைங்க."

"நானா? மறுபடி ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. தொடைக்காம வைங்க."

அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தான். கல் உட்கார்ந்தது, வாள் சிவந்தது. அண்ணி ஒரே வெட்டு. அரக்கன் சரிந்தான், ஜெயித்துவிட்டோம்! தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது அண்ணன்தான்.