முந்திரிக்காட்டிலிருந்து திரும்பியவர்கள்

பீங்கான் கம்பெனியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைப்போம். அவள் புருஷன் அங்கேயே சூளையில் சாமான் அடுக்குவான். எங்கள் தெருவில் அடுத்த வீடுதான் அவர்களுக்கு.

கொரோனாவில் அவனுடைய அண்ணன் இறந்துபோனார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அதற்குப் பிறகு அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. தகரக் கொட்டகையில் ஜெபக் கூட்டம் நடத்த வெளியூரிலிருந்து வந்த சபை ஊழியர் ஒருவர்தான் சாயங்காலங்களில் வந்து அவனோடு உட்கார்ந்திருப்பார். எங்களில் யாரும் அதைச் செய்யவில்லை. அதனால், அடுத்த மழைக்காலத்தை இந்த உலகம் பார்க்காது, ஆண்டவர் வந்து மேலே கூட்டிப்போவார், அண்ணனைத் திரும்பப் பார்க்கலாம் என்று அவர் சொன்னதை அவன் நம்பியது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதற்குப் புரட்டாசியில் ஒரு தேதியும் குறித்துவிட்டார்கள்.

அந்த வருஷம்தான், கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, அவள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போடலாமா என்று கேட்டேன். புருஷன் வேண்டாம் என்கிறார் என்றாள். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிப் பெண்கள் நாங்களே அவள் கையில் கண்ணாடி வளையல் அடுக்கினோம். வேலை விட்டதும் கேட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"குழந்தைக்கு என்னாம்மா வழி?" என்றேன்.

"அங்க பொறக்குமாம்க்கா. வலியே இருக்காதுன்றாரு."

பிறகு இருவரும் வேலையிலிருந்து நின்றார்கள். கோழிகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்தார்கள், மிக்சியை எனக்கு. குறித்த நாள் காலையில் வெள்ளைத் துணி உடுத்தி, கூட்டத்தாரோடு வேனில் ஏறி, ஆண்டவருக்காகக் காத்திருக்க முந்திரிக்காட்டுக்குப் போனார்கள். வீட்டைப் பூட்டவில்லை. நான்தான் போய்ப் பூட்டிவிட்டு வந்தேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் துணி காயப்போடும்போது இரண்டு மூன்று தடவை மேலே பார்த்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது.

மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். தெருவில் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கோழிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவள் புருஷன் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்து இட்லி வைத்தேன். தின்றுகொண்டே இருந்தவள் கையை நிறுத்தினாள்.

"எல்லாரும் அழுதாங்கக்கா. ஆண்டவர் வரலியேன்னு. எனக்கு மட்டும் சந்தோஷமா இருந்துச்சு. புள்ள உதைச்சிக்கினே இருந்துச்சு. அது பாவமாக்கா?"

பாவம் இல்லை என்று சொன்னேன். இன்னும் இரண்டு இட்லி வைத்தேன்.

சூளையில் ஆள் குறைகிறது என்று மேஸ்திரி இரண்டு தடவை சொல்லியனுப்பிய பிறகுதான் அவன் வெளியே வந்தான். ஊழியர் கொட்டகையைக் காலி செய்யவில்லை. கூட்டமும் இல்லை, காய்ச்சலில் தனியாகக் கிடந்தார். அவன்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், ஊருக்கு பஸ் ஏற்றியும் விட்டான். எதற்கு என்று மேஸ்திரி கேட்டாராம். என் அண்ணனுக்காக அழுத மனுஷன் என்றானாம்.

ஐப்பசியில், மழை ஊற்றிய ஒரு மத்தியானத்தில், அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். நன்றாகவே வலித்தது என்று அவளே சொன்னாள். அவன் குழந்தையைத் தூக்கப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றான். நான் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"அண்ணன் மூக்கு" என்றான்.

எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆமாம் என்றேன்.