ஆம்பியர் மீட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் மூன்று பேர். எங்கள் காரில் இரண்டே இருக்கை. இந்தக் கணக்கு அப்பாவுக்கு மட்டும் உறுத்தவில்லை. அவர் கண்டோன்மெண்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குக் கிளம்பிய துரை, தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் காரை அப்பா தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார். பச்சை நிறம், நீண்ட மூக்கு, துணிக் கூரை. அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்த பிறகு, அவர்கள் முதுகுக்குப் பின்னால் சாமான் வைக்கிற பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நான் உட்காருவேன். அது ஐம்பதுகளின் கடைசி. ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தில் வேறு யாரிடமும் கார் கிடையாது. ஆனால் எங்கள் காரைத் தள்ளாதவர் என்றும் அந்தச் சந்தில் யாரும் கிடையாது.

பேட்டரி எப்போது தீரும் என்பதுதான் தெரியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று படுத்துக்கொள்ளும். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் அம்மாவே தள்ள வேண்டி வந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு வாட்டி இது நடுரோட்டுல நிக்கட்டும், வித்துடணும். ஆமா."

அப்பா சரி என்றார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. ஆம்பியர் மீட்டர் என்று ஒன்று உண்டு. பேட்டரிக்குள் மின்சாரம் ஏறுகிறதா, வெளியே போகிறதா என்று அதன் ஊசி காட்டிக்கொடுத்துவிடும். ஏறினால் வலது பக்கம் பிளஸ், இறங்கினால் இடது பக்கம் மைனஸ். எங்கள் காரில் அது இல்லை. அதைப் பூட்டிவிட்டால் வண்டி நிற்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

பூட்டத் தெரிந்தவர் சித்தப்பா. அங்கேதான் சிக்கல். அப்பா தன் கம்பெனியில் பார்த்து வாங்கிக்கொடுத்த குமாஸ்தா வேலையை உதறிவிட்டு, ஆடுகோடியில் ஜீப் ரிப்பேர் செய்கிற ஒரு ஷெட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார் அவர். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய துக்கம். நான் சொல்கிற எதையும் பாதியில் நிறுத்தாமல் கேட்கிற ஒரே பெரியவர் சித்தப்பாதான். அப்பா அவரைக் கூப்பிடவில்லை. அம்மாதான் சொல்லியனுப்பினாள்.

ஆயுத பூஜையன்று காலையில் அவர் சைக்கிளில் வந்தார். ஒரு பழைய ஜீப்பில் இருந்து கழற்றிய மீட்டரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அப்பா காரை விட்டு நகரவில்லை. ஆனால் தம்பியோடு பேசவும் இல்லை. எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போயிற்று.

"டேஷ்போர்டுல ஓட்டை போடக் கூடாதுன்னு சொல்லும்மா."

"போடலைன்னு சொல்லு பாப்பா. கீழ ஒரு பட்டி வெச்சு முறுக்கிடறேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் அடி தூரம்கூட இல்லை. இருந்தாலும் நான் ஒரு வார்த்தை விடாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொன்னேன். அத்தனை முக்கியமான வேலை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

மீட்டரை டேஷ்போர்டுக்கு அடியில் நடுவாகப் பூட்டிவிட்டு, ஷெட்டில் பூஜை இருக்கிறது என்று சித்தப்பா ஒரு வாய் காபியோடு கிளம்பிவிட்டார். அப்பா சந்துக்காரர்களைக் கூப்பிட்டு வேடிக்கை காட்டினார். இன்ஜின் ஓடவில்லை. விளக்கை மட்டும் போட்டார். ஊசி துள்ளிக்கொண்டு பிளஸ் பக்கம் போயிற்று. எல்லோரும் ஆகா என்றார்கள். வாசற்படியில் நின்ற அம்மா மட்டும் தனக்குள் பேசுவதுபோல் கேட்டாள்: "கொழாயத் தொறந்து வுட்டா டிரம்மு ரொம்புமா?"

எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம்மைப் போய் எட்டிப் பார்த்தேன். பாதிதான் இருந்தது.

விஷயம் இதுதான். சித்தப்பாவின் கை ஜீப்பில் பழகிய கை. ஜீப்பில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். சீமையிலிருந்து வந்த எங்கள் காரிலோ பிளஸ் முனைதான் உடம்போடு சேர்ந்திருந்தது. அவர் வழக்கம்போலப் பூட்டியதில் மீட்டர் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னது. பேட்டரி காலியாகும்போது பிளஸ் என்றது, நிறையும்போது மைனஸ் என்றது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த அம்மாவுக்கு இது ஒரே பார்வையில் பிடிபட்டிருக்கிறது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் பிடிபட்டிருக்க வேண்டும். "ஷெட்டுல கத்துக்கிட்டது இவ்ளோதானா?" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி அப்பா கத்துவார், சித்தப்பா இனி எங்கள் பக்கமே திரும்ப மாட்டார்.

பூஜை முடிந்து, பெரியம்மா வீட்டில் சாப்பிட லிங்கராஜபுரத்துக்குக் கிளம்பினோம். அல்சூர் ஏரி வருவதற்குள் ஊசி மைனஸ் பக்கம் போய்விட்டது. அப்பாவுக்கு வியர்த்தது. ஹாரன் அடித்துப் பார்த்தார். விளக்கைப் போட்டார். ஊசி பிளஸுக்கு வந்தது. "பாத்தியா, லைட்டு போட்டா சார்ஜ் ஏறுது!" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பட்டப்பகலில் இரண்டு விளக்கையும் எரியவிட்டபடி ஓட்டினார். சைக்கிளில் எதிரே வந்த ஒருவர், "சுவாமி, லைட் உரீதா இதே!" என்று, விளக்கு எரிவதைக் கன்னடத்தில் சொல்லிக் கத்தினார். ஜட்காக்காரர் ஒருவர், "அரே சாப், லைட்! லைட்!" என்று கையை ஆட்டினார். அப்பா எல்லோருக்கும் ராஜா மாதிரித் தலையசைத்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி, அதன் பின்னால் வெள்ளைத் தார்ப்பாய். எங்கள் விளக்கு வெளிச்சம் அதில் இரண்டு வட்டமாக விழுந்தது. ரயில் வருகிற வழியாய் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கையில் வட்டங்கள் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகின. இன்ஜின் இருமியது. வண்டி நின்றால் வண்டியும் போகும், சித்தப்பாவும் போவார். அந்த வயதிலும் அது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

அம்மா பேசாமல் இருந்திருந்தால் போதும், வண்டியை விற்க வேண்டும் என்று அவள் கேட்டது அங்கேயே நடந்திருக்கும்.

"ஏங்க, லைட்டை அணைங்க. ஊரே பாக்குது, மானம் போவுது."

"அணைச்சா ஊசி மைனஸுக்குப் போயிடும்!"

அம்மா கைப்பையைத் திறந்தாள். காலையில் கோயிலிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து, விரலால் தொட்டு, மீட்டர் கண்ணாடியின் இடது பக்கத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். "பூஜையில இதுக்குப் பொட்டு வெக்கவே இல்ல, பாருங்க. ஊசி இந்தப் பொட்டைத் தொட்டுக்கிட்டு இருந்தா வண்டிக்கு நல்லது. சாமி குங்குமம்."

ஆம்பியரோடு வாதாடலாம், ஆயுத பூஜையன்று குங்குமத்தோடு வாதாட முடியாது. அப்பா விளக்கை அணைத்தார். இருமல் நின்றது. ரயில் போய்க் கேட் திறந்தது. வண்டி நகர நகர, நடுவில் நின்றிருந்த ஊசி மெல்ல இடது பக்கமாக நடந்து போய்ப் பொட்டைத் தொட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரியம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்; பலகாரம் சாப்பிட்டுவிட்டு, யாரும் தள்ளாமல் திரும்பியும் வந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி சொல்லியனுப்ப, சித்தப்பா வந்தார். காருக்குள் குனிந்தவர் பொட்டைப் பார்த்தார். விளக்கைப் போட்டு ஊசியைப் பார்த்தார். அவர் முகம் சட்டென்று வெளுத்தது. நிமிர்ந்து வாசற்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"அண்ணி..."

"சோறு ஆறுது தம்பி. மொதல்ல வந்து சாப்பிடு."

சாப்பாடு முடிந்து அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் சித்தப்பா ஸ்பேனரோடு டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்து வெளியே வந்தார். அவர் கை துடைப்பதற்குள் அம்மா வந்து, பழைய பொட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, வலது பக்கத்தில் புதுப் பொட்டு வைத்தாள். ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "ஒரே எடத்துல இருந்தா கண்ணாடி கறை புடிச்சுக்கும்டி" என்றாள்.

சாயந்திரம் அப்பா எங்களை ஏரிக்கரை வரை ஓட்டிப்போனார். அம்மா வரவில்லை, அவள் இடத்தில் சித்தப்பா உட்கார்ந்தார். வண்டி வேகமெடுத்ததும் ஊசி வலது பக்கம் நடந்து, புதுப் பொட்டைத் தொட்டு நின்றது. அம்மா எங்கே பொட்டு வைக்கிறாளோ அங்கே ஊசி போகிறது! மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ளத் தீர்மானித்தேன்.

அப்பா மீட்டரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொல்லத் தொண்டையைச் செருமினார். எடுத்துச் சொல்ல வேண்டுமே என்று நான் பின்னால் தயாராக எட்டிப் பார்த்தேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வர ஞாயித்துக்கெழமையும் வந்துடுடா. இந்த ஹாரன் சரியில்ல, என்னான்னு பாக்கணும்."

"வரேண்ணா" என்றார் சித்தப்பா.

அவ்வளவுதான், என் வேலை போய்விட்டது. வழியெல்லாம் எனக்கு ஒரே குழப்பம். அந்த ஹாரன் நன்றாகத்தானே அடித்துக்கொண்டிருந்தது.